மெத்தையிலிருந்து பார்த்தால்

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு
ரொறன்ரோவில் எமில் காலைக் கோப்பியோடு வருவான்.
பாரிஸில் பெனடிக்ற், உணவகச் சீருடையின் பொத்தானைப் பூட்டியபடி.
கொட்டாஞ்சேனையில் நான்
போனைச் சீனிப் போத்தலில் சாத்திவைத்து
நெத்தலித் தலை கிள்ளிக்கொண்டிருப்பேன்.

சுகம் விசாரிக்க ஒரு நிமிடம்.
பிறகு தொடங்கும்:
உலகத்திலேயே பெரிய மல்யுத்த வீரன் யார்?

எமிலுக்கு எப்போதும் கப்டன் கிரனைட்.
"பதினொரு தரம் பெல்ட் எடுத்தவன்டா, கணக்கைப் பார்."
பெனடிக்ற்றுக்கு மிட்நைட் மொறிஸ்.
"கணக்கை விடு. அவன் நடந்து வரேக்க
அரங்கத்தின்ர லைற் எல்லாம் அணையுமே,
அதுக்கு எத்தினை பெல்ட் குடுப்பாய்?"
மூன்றாம் இடத்துக்கு
முப்பது வருடமாகச் சண்டை.

என்னிடம் கேட்டதில்லை.
நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

பார்த்தேனடா.
ஜம்பட்டா வீதிக் கடையில் வாடகைக்கு எடுத்த கசற்,
கோடு கோடாய் ஓடும் படம்,
இரண்டாம் மாடி முன்னறை,
நிலத்தில் தும்பு மெத்தை,
அம்மா மாலைப் பூசைக்கு.
கிரனைட், எமில். மொறிஸ், பெனடிக்ற்.
மற்ற எல்லாரும் நான்.

தோற்ற அத்தனை பேரும் நான்.
மெக்சிக்கோ முகமூடி, ரஷ்யக் கரடி,
அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிக்கமுன்
விழுந்துவிடும் சிவப்புக் கால்சட்டை மொட்டையன்.
ஆகவே என் பட்டியல்
மெத்தையிலிருந்து எழுதப்படுகிறது.

கிரனைட்டின் பெயர்பெற்ற தூக்கு:
தலைக்கு மேல் உயர்த்தி, மூன்று எண்ணி, கைவிடுவது.
மலை சரிவது போலிருக்கும், பார்ப்பவர்களுக்கு.
அவனுக்கு விடத்தான் தெரியும்,
இறக்கத் தெரியாது.
என் இடது காறை எலும்பில் இன்னும் ஒரு முடிச்சு.
துறைமுகப் பக்கம் மழை கட்டினால்
கொழும்பில் முதலில் அறிவது அதுதான்.
கிரனைட் ஐந்தாம் இடம்.
கத்தாதே எமில், காது கேட்குது.

மொறிஸ் கழுத்தைப் பிடித்துச் சுழற்றி எறிவான்.
எறிகிற அந்த அரைக்கணத்தில்
பெனடிக்ற்றின் உள்ளங்கை
என் பின்மண்டைக்கு அடியில் வந்து நிற்கும்.
மொறிஸும் அப்படித்தான்.
நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போன பிறகு
கசற்றைப் பின்னோக்கி ஓட்டித் தனியே பார்த்தேன்.
விளக்கு அணைவதே அந்தக் கையை மறைக்கத்தான்.
மூன்றாம் இடம்.

இரண்டாவது, சிவப்புக் கால்சட்டை.
பெயர் கசற் மட்டையிலும் இல்லை.
நூற்றிமுப்பது கிலோ மேலே விழ வரும்போது
மூச்சை முதலே வெளியில் விட்டுவிட வேண்டும்.
அவனைப் பார்த்துப் பழகினேன்.
கலியாணம் முடித்த பிறகும் உதவியது.

முதலாவது இனித்தான்.
பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை வாசல்.
எப்படி உடைந்தது என்று அம்மா கேட்டா.
எமில் சுவரோடு சுவராய்.
பெனடிக்ற் தரையில் எதையோ தொலைத்தவன் போல.
சென்ற் லூசியாஸ் படியில் தடுக்கி விழுந்தேன் என்றேன்.
எந்தப் படி என்றா.
மூன்றாவது என்றேன்.
உடைந்தது தோளில்;
நம்பட்டும் என்று
காலையும் கொஞ்சம் நொண்டினேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சனம் இறங்க,
அம்மா அந்த மூன்றாவது படிக்கு
செருப்புக் காலால் ஒரு உதை கொடுத்தா.

பெல்ட் இல்லை. விளக்கு அணையவில்லை.
பார்த்த சனம் மூன்று பேர், ஒரு நேர்ஸ்.
எழுதிக்கொள்ளுங்கள்:
உயரம் நாலடி ஒரு அங்குலம்,
எடை இருபத்தொன்பது கிலோ,
கொழும்பு பதின்மூன்றிலிருந்து,
மரிஸ்டெல்லா.

இரண்டு திரையிலும் சத்தமில்லை.
பாரிஸில் ஒரு பேருந்து போனது.
பெனடிக்ற் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் நெத்தலியை அலசி எடுத்துவைத்தேன்.

கடைசியில் எமில் தொண்டையைச் செருமினான்:
"அப்ப நாலாவது யார்?"