நாலு குழாய்

அசன விருந்து முடிந்த இரவு.
வெஸ்ட்ரியில் ஐந்து பேர், ஒரு மேசை,
சாம்பார்க் கறையோடு ஐநூறு ரூபாய்த் தாள்கள்,
கடைசி ஜெபத்துக்கு ஆமென் சொன்ன யாரோ
வைத்துப்போன மைக்.
அதன் சிவப்பு விளக்கை மூடிக் கிடந்தது
பச்சை வெல்வெட் காணிக்கைப் பை.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைந்தது.
மூன்று முறை எண்ணினோம்.
நாலாம் முறைக்கு எப்சிபா டீச்சர்
விரல் நனைக்குமுன்
நான் சொன்னேன்
(சபைப் பொருளாளர், பத்து வருஷம், பைசா பிசகாதவன்):
"காவல்கிணற்றுச் சந்தைக்குப் போனது
அருமைநாயகந்தானே.
கத்திரிக்காய் விலை ஏறுற இடம்
அவன் சட்டைப்பைதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.
என்னோடு மூன்று.

பெத்தேல்விளைக் கோபுரத்தில் நாலு குழாய்.
ஒன்று நம்பியாற்றைப் பார்க்கும்.
ஒன்று காற்றாடிகளை,
ஒன்று தேரிக்காட்டை.
நாலாவது,
கோயிலுக்குப் பின்னால் கிடாரம் கழுவுகிற இடத்தை.

பக்கத்தில் நின்ற பையன் பிறகு சொன்னான்:
தேங்காய் நாரைக் கீழே போட்டாராம்.
கிடாரத்தை மெதுவாகக் கவிழ்த்தாராம்,
சத்தமே வராமல்.
கைகூடக் கழுவாமல் போனாராம்.

பணம் மறுநாள் கிடைத்தது.
அதே பச்சைப் பையின்
கிழிந்த உள்துணிக்குள்
நாலாய் மடங்கி.

ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டேன்.
நாலு குழாயும் உரக்கச் சொல்லின.
மூன்றாம் பெஞ்சில் அவர் இடத்தில்
யாரோ குடையை வைத்திருந்தார்கள்.

வாழைத்தோட்டத்துக்கு நடந்தேன்.
வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை
மெருகு போட்டுக்கொண்டே போனேன்.
முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்றவன்
முகத்துக்கு நேரே சொன்னேன்:
"மைக் ஆன்ல இருந்தது தெரியாது அண்ணாச்சி."

மடையை அடைத்துவிட்டு வந்தார்.
மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை
காலால் தள்ளினார்.
"அப்போ ஆஃப்ல கிடந்தா
சொல்லிக்கிடலாமாவே?"

வாய் திறந்தேன். பதில்கள்
முண்டியடித்துக்கொண்டு வந்தன,
திசையன்விளை பஸ்ஸில் ஏறுகிற மாதிரி.
களைப்பு. தமாஷ். நானா முதலில் சிரித்தேன்.
பணம் குறைந்தால் யார்தான்.
அதில் ஒன்று நன்றாகவே இருந்தது.

வாய்க்குக் காவல் கேட்கும் சங்கீதத்தை
ஓய்வுநாள் பள்ளியில் தப்பில்லாமல் ஒப்பித்து
எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் நான்.
இன்றும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

கல்லோடு கூட்டம் சூழ்ந்து நின்று
ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புக் கேட்டபோது
ஆண்டவர் உடனே பேசவில்லை.
குனிந்தார்.
மண்ணில் என்ன எழுதினாரென்று
எந்தப் பிரசங்கியாரும் எனக்குச் சொன்னதில்லை.
படிக்கிற மாதிரி ஒன்றுமே இல்லையோ என்னவோ.
விரல் மண்ணில் ஊர்ந்த அந்த நேரத்தில்
கையிலிருந்த கல்லின் கனம்
ஒவ்வொருவனுக்கும் தெரிய வந்திருக்கும்.

வார்த்தையானவரே
பேசுமுன் குனிந்திருக்கிறார்.
எனக்கு என்ன அவசரம்?

என் கால் கட்டைவிரல்
செம்மண்ணில் எதையோ கிழித்தது.
மடைக்கு அந்தப் பக்கம்
தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்தார்.

"சொல்லியிருப்பேன் அண்ணாச்சி,"
என்றேன். "இதுக்கு முன்னாலயும்
சொல்லியிருக்கேன்."

குரல் சின்னதாக வந்தது.
ஒரு குழாய்க்கும் எட்டாது.

அவர் போய் மடையைத் திறந்தார்.
தண்ணீர் கடைசி வாழை வரைக்கும்
போய்ச் சேருகிறதா என்று
பார்த்துக்கொண்டே நின்றார், வெகுநேரம்.
பிறகு, திரும்பாமலே,
"காப்பி குடிக்கேரா?" என்றார்.

அதற்கும்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.