கல் இல்லாத ஊரில்

அலுவலகம் கொடுத்தனுப்பிய பெட்டியில்
பன்னிரண்டு கற்கள்.
பஞ்சுக்குள் படுத்துக்கிடந்தன
நெற்றியில் ஆளுக்கோர் எண்ணோடு.

"நாளைக்கு எல்லாரும் ஒரு கல் கொண்டு வாங்க"
என்று சொல்லிவிட்டேன்.
சேலத்துக்காரியின் திமிர்.
எங்கள் பக்கம் கால் இடறினாலே கல்.
தலைஞாயிற்றில் ஏழாம் வகுப்பு
என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

மறுநாள் மேசைக்கு வந்தவை:
சாலை போடக் கொட்டிய ஜல்லி, பத்தொன்பது.
செங்கல் முனை.
யார் வீட்டுச் சமையல் மேடையிலிருந்தோ உடைந்த
கிரானைட் துண்டு.
மளிகைக் கடையின் எடைக்கல்.
(அது இரும்பு என்றேன்.
பேரிலேயே கல் இருக்கிறதே என்றார்கள்.
என்னிடம் பதில் இல்லை.)
பிறகு சபரிவாசன்
மருந்துக்கடை உறையைப் பிரித்துக் கொட்டினான்
மிளகளவு ஒன்று.
அவன் அப்பாவின் சிறுநீரகத்தில் எடுத்தது.
"நம்ம ஊர்லயே விளைஞ்ச கல்லு
இது ஒண்ணுதான் மிஸ்."

துர்க்கேஸ்வரி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.
அவள் அப்பா போர் போடுகிறவர்.
இருநூறு அடி இறக்கியும்
கல்லின் சத்தத்தையே கேட்டதில்லையாம்.

பெட்டியை மூடினேன்.

வண்டியில் மண் துளைப்பான் இருந்தது.
குழாயடிக்குப் பின்னால், முருங்கை மரத்துக்குத் தள்ளி,
நாலு பேர் பிடித்துத் திருகினோம்.
ஒரு சாணில் மிட்டாய்த் தாள்.
மூன்றடியில் வேரோடிய கறுப்புக் களி.
ஆறடியில் வெளுத்த மணல், விரல் கனம்.
"கஜாவா?" என்றான் ஒருவன்.
இல்லையடா, புயலுக்குப் பேர் வைக்காத காலத்து வெள்ளம் இது.
பிளந்த பிவிசி குழாய்களில்
வராந்தா நெடுகப் படுக்க வைத்தோம்
ஊரின் அடியை.

பதினாலாவது அடி
அழுகிய முட்டையாக நாறியது.
ஒருவரையொருவர் காட்டிச் சிரித்து
கடைசி பெஞ்சு உருண்டு புரண்டது.
அந்தச் சாம்பல் நிறச் சேற்றைப் பிட்டு
உள்ளேயிருந்து ஹாஜிரா எடுத்தாள்
ஒரு மட்டிச் சிப்பி.
பாவாடையில் துடைத்தாள்.
"இது கடல்ல கெடக்குறதாச்சே."

கடல் இங்கிருந்து
பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

எதற்கும் வாய் திறக்காத மணிமாறன் கேட்டான்:
"கடல் தானா போச்சா மிஸ்,
இல்ல, ஆறு தள்ளுச்சா?"

என் ஆய்வேட்டில் எண்பது பக்கம்
அந்தக் கேள்விதான்.
"ரெண்டும். ஆனா இங்க பெரும்பாலும் ஆறு.
வண்டல் கொண்டாந்து கொண்டாந்து
கடலைப் பின்னால நகர்த்துச்சு."

அவன் மதிலுக்கு அப்பால் பார்த்தான்.
அடப்பாற்றில் ஆகாயத்தாமரை நகராமல் நின்றது.
"இப்பத்தான் அது ஒண்ணும் கொண்டாறதில்லையே."

மதிய மணி அடித்தது.
ஒருவரும் தட்டெடுக்க ஓடவில்லை.
பிறகு ஓடினார்கள். முட்டை நாள் அது.

பிள்ளைகள் காலை விட்டுவிடுவார்கள்,
குழியை மூடுங்கள் என்றார் தலைமையாசிரியை.
துர்க்கேஸ்வரி போய் அப்பாவிடம்
ஒரு குழாயும் மூடியும் வாங்கி வந்தாள்.
நூலில் போல்ட்டைக் கட்டி இறக்கி
வெள்ளிக்கிழமைதோறும் அளப்பதென்று முடிவானது.
அடி எவ்வளவு. உப்பு எவ்வளவு.
உப்புக்கு மீட்டர் தருகிறேன் என்றேன்.
நாக்கு இருக்கிறது என்றார்கள்.
வேண்டாம் என்று மன்றாடி
மீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அலுவலகப் படிவத்தில்
பயனடைந்தோர்: நாற்பத்து மூன்று.
வழங்கிய பொருள்: கற்பெட்டி, ஒன்று.
அடுத்த பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற கட்டத்தில்
குழாய், மூடி, நூல், போல்ட் என்று எழுதினேன்.
பெட்டி வேண்டாம் என்றும்.
விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

வகுப்பாசிரியையின் போனிலிருந்து
வாரம் தவறாமல் அளவும் வருகிறது.

பதினொன்றே கால் அடி. உப்பு கூடுதல்.
பதினொன்று. அதே உப்பு.
பத்தரை. மழை. மீட்டரில் பேட்டரி இல்லை,
நாக்கு வைத்தோம், மன்னிக்கவும்.

இந்த வெள்ளி:
ஒன்பதடி.
மூடியை யாரோ திறந்து வைத்துவிட்டார்கள்.
உள்ளே தவளை.
அது வெளியே வந்ததும்
உப்பு சொல்கிறோம்.