நாற்பத்தேழு ஏ

பதினோரு வருடம்
விமானங்களுக்குச் சோறு கட்டினேன்.
ஏறியதில்லை.
திருச்சிக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம்,
மடியில் காய்ச்சல் பிள்ளை.
அது கணக்கில் வராது.

சாங்கியில் சரக்குக் கூடங்களுக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத கட்டடம் எங்களுடையது.
உள்ளே எப்போதும் பத்து டிகிரி.
பஞ்சு ஜாக்கெட், தலைவலை, ரப்பர் பூட்ஸ்.
வெளியே வெயிலா, அடைமழையா என்று
நோரிஸாதான் சொல்வாள்,
சிகரெட் முடித்துத் திரும்பும்போது.

பயணிகள் என்றால் எனக்கு இருக்கை எண்கள்.
முப்பத்தொன்று சி-க்கு உப்பு ஆகாது.
இருபத்திரண்டு எச் குழந்தை; மசித்த கேரட்.
ஐம்பத்தாறு கே இந்து சைவம், பச்சை ஒட்டி.
முகம் கிடையாது. போகும் ஊர் மட்டும் உண்டு:
பெர்த், பாரிஸ், ஜொஹானஸ்பர்க்.
ஊர்ப்பெயரைத் தள்ளுவண்டியில் மாட்டி
லாரியில் ஏற்றிவிடுவோம்.

திரும்பி வரும் தட்டுகள் கழுவுமிடத்துக்குப் போகும்.
அங்கே பரமேஸ் ஒருநாள் பல்செட் கண்டெடுத்தாள்.
இன்னொரு நாள் டிஷ்யூவில் யாரோ எழுதிய கூட்டல் கணக்கு,
விடை தப்பு.

பிப்ரவரியில் மேனேஜர் கோ கூப்பிட்டார்.
பிராங்க்ஃபர்ட்டில் புது இயந்திரம், ஆறு மாதம்,
கற்றுக்கொண்டு வந்து இங்கே சொல்லித்தர வேண்டும்.
"முடியும்லா, கோமளா."
ஏன் நான் என்று கேட்கவில்லை.
கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

வீட்டில் தனபாலன்
மூன்று நாள் வாய் திறக்கவில்லை.
நான்காம் நாள் முஸ்தபாவிலிருந்து
கம்பளிக் காலுறை ஆறு ஜோடி வாங்கி வந்து
மேசையில் வைத்தார், பில்லோடு.
அளவு சேராவிட்டால் மாற்றிக்கொள்ளலாமாம்.

இன்றிரவு மூன்றாம் முனையம்.
கிரி ஃபோனிலிருந்து தலை தூக்கவே இல்லை.
கோபமாகத்தான் உள்ளே போனேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பினால்
ஃபோன் என்னைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

விமானம் ஊர்ந்தபோது
எங்கள் கட்டடத்தைத் தேடினேன்.
ஏதோ ஒரு கூரையில் சிவப்பு விளக்கு.
அதுதானா, தெரியவில்லை.
பிறகு தரை கழன்றது.
கீழே கடலில் கப்பல்கள் விளக்குப் போட்டுக்கொண்டு
எதற்கோ காத்திருந்தன.
காது அடைத்தது.
பக்கத்து இருக்கை வெள்ளைக்காரப் பையன்
வாயைத் திறந்து மூடிக் காட்டினான்.
நானும் திறந்து மூடினேன்.
தொட்டியில் இரண்டு மீன்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தட்டு வந்தது.
பச்சை ஒட்டி. நாற்பத்தேழு ஏ.
கரண்டியின் மேல் முள்கரண்டி, தலைகீழாக.
ஆ லெங்!
எத்தனை சொல்லியும் திருந்தாத இடது கை.
எனக்கென்று தெரிந்து கட்டினாளா,
எண்ணைப் பார்த்துக் கட்டினாளா?
தெரிந்திருந்தால் சில்லி சாஸ் இரண்டு வைத்திருப்பாள்.
ஒன்றுதான் இருந்தது.

மேலே போனால் நாக்கு மரத்துவிடும் என்று
சமையல் மாணிக்கம் எதிலும் ஒரு பிடி உப்பு கூடப் போடுவார்.
நாங்கள் கேலி செய்வோம்.
பருப்பை வாயில் வைத்தேன்.
இன்னொரு பிடி போட்டிருக்கலாம்.

சாப்பிட்டதும் கை சும்மா இருக்கவில்லை.
கிண்ணத்துக்குள் கிண்ணம்,
மூடிகள் ஒன்றன்மேல் ஒன்று,
டிஷ்யூ தனியாக,
கழுவுகிற பெண்ணுக்குச் சுலபமாக.
எந்தப் பெண்?
பரமேஸ் கைக்கு இது போகப் போவதில்லை.
விடியும்போது பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி,
லாரி ஏறி,
திங்கட்கிழமை நான் போய் நிற்க வேண்டிய
அதே வாசலுக்குள் நுழைந்துவிடும்
எனக்கு முன்னால்,
யாரிடமும் வழி கேட்காமல்.