கட்டம் ஏழு

ஆண்டறிக்கையின் ஏழாம் கட்டத்தில் கேட்கிறார்கள்:
வழங்கிய பொருட்கள் எவ்வாறு பயன்படுகின்றன?
படம் கட்டாயம்.

மணி பதினொன்று.
பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில்
ஏதோ ஒரு பஸ் கியர் மாற்றித் திணறுகிறது.
மூடிப்போன ஐஸ் கம்பெனிதான் எங்கள் வகுப்பறை.
கரும்பலகைக்குப் பின்னால் இன்னும்
அமோனியா வாடை.

நாலரைக்குக் கணக்கு, ஐந்தரைக்குப் பந்து.
கணக்குக்கு வராதவருக்குப் பந்து கிடையாது
என்று சுவரில் எழுதியவள் நான்.
"வாடைக் காத்து அடிச்சா
யாருக்குமே பந்து கிடையாது டீச்சர்"
என்றார் டெல்வின் கோச்.
கார்த்திகையில் நாலு பந்து கடலோடு போயின.
மூன்றை வள்ளக்காரர்கள் கொண்டுவந்து தந்தார்கள்,
ஒருவர் டீக்குக் காசு கேட்டார்.
அது எந்தக் கட்டத்திலும் வராது.

பயனாளிகள் நாற்பத்து மூன்று, எழுதியாயிற்று.
அதில் ஒருத்தி நம்புராணி.
பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தொன்று,
கோல்கம்பத்துக்கு நடுவில்
அவளைத் தாண்டியது இந்த ஆண்டு ஆறே பந்து.
தை மாதம் கையுறை வந்தது, பச்சை நிறம்,
இரண்டு ஜோடி, ரசீதோடு.
ஒரு ஜோடி அவளுக்கு.
ஒரு வாரம் போட்டாள்.
பிறகு பழையபடி விரல்களில் சேலைக் கிழிசல்.
"தொலஞ்சு போச்சு."
திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
பதிவேட்டில் சிவப்பு மையில் 'காணவில்லை'.

துணைத்தேர்வுப் படிவத்தில்
அம்மாவின் கையெழுத்து வேண்டியிருந்தது.
பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள்,
நடுப்பகலில் சின்னப்பாலம் கரைக்குப் போனேன்.
பாசி எடுத்துத் திரும்பிய பெண்கள்
வள்ளத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி,
பாதத்தில் கட்டிய தகரத் தட்டு.
பஞ்சவர்ணம் என்னைப் பார்த்ததும்
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.
பச்சை.
உப்பு தின்று கம்பெனிப் பெயர் உரிந்துபோயிருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை நான். பேனாவை நீட்டினேன்.
கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள்.
பாறை கிழித்த விரலால்
முதலெழுத்தைப் போட்டு, அதற்கொரு புள்ளி வைத்து,
அவசரமே இல்லாமல் எழுதினாள்.
பிறகு சிரித்தாள்:
"நாலு மார்க்குதான டீச்சர்,
கைமாத்தாக் குடுக்கக் கூடாதா?"

அன்று சாயங்காலம்தான் முதல்முறை
ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்தேன்.
மண்டபத்துப் பெண்கள் ஏறி வருகிறார்கள்,
இவள் கோலை விட்டு முன்னால் ஓடுகிறாள்.
"ஏண்டி வெளிய போற?" என்று கத்தியதும் நான்தான்.
வெறுங்கையில் பட்டு
அறைந்ததுபோல் ஒரு சத்தம். பந்து வெளியே.
"முன்னால போனா அவளுக்குக் கோல் சின்னதாயிடும்.
இது தெரியாதா டீச்சர்?"

தெரியும். அதற்குப் பெயர் கோணம்.
மறுநாள் இரண்டு கம்பம், ஒரு பந்து, ஒரு நம்புராணி என்று
பலகையில் முக்கோணம் வரைந்தேன்.
எல்லாம் புரிந்தது என்றாள்.
மாதிரித் தேர்வில் முப்பத்து மூன்று.
இன்னும் இரண்டு.

இனி கட்டம் ஏழு.
'கையுறை ஒரு ஜோடி பயன்பாட்டில் உள்ளது,
தீவுக்குத் தெற்கே, இரண்டு ஆள் ஆழத்தில்'
என்று எழுதினேன்.
வனத்துறைக்காரர் கண்ணில் பட்டால் வம்பு.
அழித்தேன்.
'தினமும் பயன்படுகிறது' என்று மட்டும் விட்டேன்.
படத்துக்கு இன்னொரு ஜோடியை
நம்புராணியின் கையில் மாட்டிச் சிரிக்கச் சொல்ல வேண்டும்.
சிரிப்பாளா தெரியாது.

கட்டம் எட்டு: அடுத்த ஆண்டுத் தேவை.
பந்து பத்து. வடிவியல் பெட்டி நாற்பத்து மூன்று.
கையுறை பன்னிரண்டு ஜோடி.

ஒரு அணிக்குப் பன்னிரண்டு கோல்கீப்பரா
என்று கேட்பார்கள்.
கேட்கட்டும்.