ஷாப்விக் தடத்தில் ஒரு நிறுத்தம்

கிளாஸ்டன்பரி தாண்டியதும் தார் முடிந்தது.
பழைய ரயில் பாதை;
தண்டவாளம் பிடுங்கிய இடத்தில்
சரளை, கரிய சேறு.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்,
முதுகுக்கு நிம்மதி.

இருபுறமும் கால்வாய்,
வரக்காப்பி நிறத்தில்.
மிதிப்பதை விட்டால் போதும்,
பின்சக்கரம் டிக்டிக்கென்று கணக்குப் பார்க்கும்.

அந்தச் சத்தத்துக்குத்தான்
தொலைநோக்கியோடு நின்ற மனிதர்
ஒரு விரலை உயர்த்தினார்.
பிரேக் பிடித்தேன்.
சரளை ஒருமுறை முனகி அடங்கியது.

நாணலுக்குள்ளிருந்து,
காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதியதுபோல்
ஒரு தடவை.
இன்னொரு தடவை.

குருகு என்றேன், வாய்க்குள்.
அவரும் ஒரு பெயர் சொன்னார்.
இரண்டு சொல்லும் ஒரே பறவையைத் தேடி
நாணலுக்குள் போயின.

இருபது நிமிடம்,
ஒரு கால் பெடலில், ஒரு கால் ஈரத்தில்.
ஒரு சிறகும் தெரியவில்லை.
"பதினோரு வருடம், நான்கு முறை"
என்றார் க்ளெமென்ட்,
வங்கி இருப்பைச் சொல்வதுபோல்.
எனக்கு அவர் பெயர் தெரிந்தது
பிளாஸ்கின் மூடியில் எழுதியிருந்ததால்.

தலையசைத்துக் கிளம்பினேன்.
இறக்கமே இல்லாத நிலம்.
வெஸ்ட்ஹே வரும்வரை
மிதிப்பதை நிறுத்தவே இல்லை,
மெதுவாக,
அந்த டிக்டிக் வராதபடி.