துண்டுக்கு அடியில்

வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில்
விடிவதற்குள் நாற்பது கிடாய்க்குப் பல் பார்ப்பேன்.
உதட்டைப் பிதுக்கி வயதைச் சொல்லி
முதுகெலும்பில் கட்டைவிரலை ஓட்டி
பிறகு குனிந்து, பின்னங்கால்களுக்கிடையே கைவிட்டு
விதை இரண்டையும் உருட்டிப் பார்ப்பேன்.
சுற்றி நூறு பேர். ஒருவரும் முகம் திருப்புவதில்லை.
"ஒண்ணு கல்லு மாதிரி இருக்கு, வேணாம்" என்று
சந்தைக்கே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மாசியில் ஒரு நாள் குளிக்கையில்
என்னுடையது ஒன்று
கல்லு மாதிரி இருந்தது.

சோப்பு நழுவிச் சாக்கடைப் பக்கம் போனது.
எடுக்கவில்லை.

பவுனுத்தாயிடம் இடுப்புப் பிடிப்பு என்றேன்.
நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள்
இடுப்பில்.
அது பாவம், அதற்கு ஒன்றுமில்லை.

சித்திரையில் கப்பலூர் டோல்கேட் தாண்டி
எக்ஸெல் வண்டி பள்ளத்தில் இறங்கியபோது
சரியாக அந்த இடத்தில் இடித்தது.
வலிக்கவில்லை.
பயம் அப்போதுதான் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "என்ன செய்யுது?"
வரிசையில் எனக்கு அடுத்து
எங்கள் ஊர் ரேஷன் கடைக்காரர் மருமகள்.
"தலைசுத்து" என்றேன்.
தலைசுற்றுக்கு ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
அடுத்த முறை "வயிறு" என்றேன்,
பக்கத்து ஊர் வரைக்குமாவது போகலாமென்று.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை.
இரண்டு கை மேல் துண்டைப் போட்டு மூடி
விரலைப் பிடித்தால் ஆயிரம், கணுவைத் தொட்டால் நூறு.
இருபது வருஷமாய் முக்கியமானதெல்லாம் எனக்குத்
துணிக்கு அடியில்தான்.
நாக்கு அதனால்தான் பழகவில்லையோ என்னவோ.

மூன்றாம் முறை உள்ளே இருந்தது பெண் டாக்டர்.
நிலோஃபர் என்று சட்டையில் எழுதியிருந்தது.
"ஆம்பளை டாக்டர்..."
"லீவு. சொல்லுங்க."
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே காத்திருந்தார்.

"நான் ஆட்டுத் தரகு, டாக்டர்."
"சரி."
"ஒரு கிடா வருது. பல்லு நல்லாருக்கு, எடை நல்லாருக்கு.
ஆனா விதையில ஒண்ணு கல்லு.
அத நான் வாங்க மாட்டேன்."
பேனா நின்றது.
"எந்தப் பக்கம்?"
"இடது."
"கிடாவுக்கா, உங்களுக்கா?"

மின்விசிறி மூன்று சுற்று சுற்றியது.

"எனக்கு."

நாலே எழுத்து.
அஞ்சு மாதம் சுமந்தது இந்த நாலு எழுத்தை.

பச்சைத் திரையை இழுத்தார். கையுறை மாட்டினார்.
கண்ணைச் சுவரில் வைத்துவிட்டு
விரலால் பார்த்தார்.
நானும் அப்படித்தான் பார்ப்பேன்.
தொழில் தெரிந்த கை. கூசவில்லை.
"கிடாவுக்கு வாயில்ல. உங்களுக்கு என்ன?"
அவ்வளவுதான் திட்டு. அதன் பிறகு ஸ்கேன்.

ஒன்றை எடுத்துவிட்டார்கள்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன்.
ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி எல்லாம் சொன்னதும்
பவுனுத்தாய் அழுவாள் என்று நினைத்தேன்.
அழுதாள்தான். அதற்கு முன்னால்
"அரை லிட்டர் எண்ணெ போச்சே" என்றாள்.

போன வெள்ளி, காசிமாயன் ஜோடிக் கிடாய்க்கு
விலை பேச வந்தான்.
அதற்குள் மூன்று தடவை சுவரோரம் ஒதுங்கிவிட்டான்,
மூன்று தடவையும் வெகுநேரம் நின்றான்,
ஒன்றும் நடக்காதவன் மாதிரி வேட்டியை உதறிக்கொண்டு வந்தான்.
துண்டுக்குள் என் விரல் இரண்டைப் பிடித்தான்.
நான் அவன் கையை விடவில்லை.

"எத்தன நாளா?" என்றேன்.
"எது?"

துண்டை உருவித் தோளில் போட்டேன்.
காசிமாயன் ஆடுகளைப் பார்த்தான்,
டீக்கடையைப் பார்த்தான்,
யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.

"ஆடி வந்தா
ஒரு வருஷம்" என்றான்.