கூட்டக் குறிப்பு

கச்சேரி மண்டபம், பத்தரை மணி.
நீர்க்கொள்கை வரைபு, நாலாம் பக்கம்:
தீவுகளுக்குப் பவுசர் மூலம் விநியோகம்.
எழுவைதீவாரின் படகு வந்து சேரவில்லை.
"ஆட்சேபனை இல்லை" எண்டு போடச் சொன்னார்கள்.
போட்டேன்.

வரைபடத்தில் இடப்பக்க மேல்மூலை,
அந்தத் தீவு இருக்கவேண்டிய இடத்தில்
ஸ்டேப்ளர் கம்பி.

பன்னிரண்டே காலுக்கு வந்தா ஞானசீலி,
சேலைக்கரையில் கடல் காயாமல்.
கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
மேசையில் மிஞ்சிய போத்தலை நீட்டினேன்.
ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டா,
"இது எந்தக் கிணறு?"

எனக்குத் தெரியாது.
அங்கு நின்ற பொறியியலாளருக்கும் தெரியாது.

"மாசியோடை எங்கடையள் எல்லாம் உவர்.
பவுசர் கடலிலை ஓடாது, தம்பி.
எழுதுங்கோ."

கூட்டம் முடிந்த நேரம் 11.40
எண்டு ஏற்கெனவே குறித்திருந்தேன்.

வெட்டினேன்.